எமேக்காவின் கோபம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் மொத்த வியாபாரம் செய்கிறேன். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சும் பீஸ்கள், செகண்ட்ஸ். பத்து வருடமாக என்னிடம் சரக்கு எடுப்பவர்களில் ஒருவர் நைஜீரியாவின் ஒனிட்ஷா ஊர்க்காரர். எமேக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள், நிஜப் பெயர் வேறு. இதுவரை ஒரு பைசா பாக்கி வைத்ததில்லை.

டீ குடிக்க உட்கார்ந்தால் தன் நாட்டைத் திட்டாமல் எழ மாட்டார். 2024 டிசம்பரில் ஒரு நாள் முகம் வாடி வந்தார். ஊர்ப்பக்கம் இலவச அரிசி கொடுத்த இடத்தில் நெரிசலில் ஆட்கள் செத்துவிட்டார்கள் என்றார். நான் ஆறுதலாகத்தான், "அவ்வளவு எண்ணெய் இருந்தும் பிச்சைக்கார நாடாகவே இருக்கிறதே" என்றேன். "என் அப்பா காலத்தில் எங்கள் காசு டாலரைவிடப் பெரிது, தெரியுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவர் மூன்று மாதம் கடைப்பக்கமே வரவில்லை.

தானே அவ்வளவு திட்டுகிறவருக்கு நான் சொன்னதும் ஏன் கோபம்? டாலர் கதை நிஜமா? எண்ணெய் எடுக்கிற நாட்டில் பெட்ரோலுக்கு ஏன் திண்டாட்டம்? மக்கள் ஏன் பொறுத்துக்கொள்கிறார்கள்? இப்போது திரும்பி வந்து, முதல் தடவையாகக் கடனுக்குச் சரக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?

செந்தில்குமார்,
திருப்பூர்

அன்புள்ள செந்தில்குமார்,

டாலர் கதை நிஜம்தான். 1980, 81 வாக்கில் ஒரு நைராவுக்கு (அதுதான் அவர்கள் நாணயம்) ஒன்றரை டாலருக்கு மேல் கிடைத்தது. என் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் ஒருவர் அப்போது வேலையை விட்டுவிட்டு நைஜீரியாவுக்குப் போனார். இங்கிருந்து நிறைய ஆசிரியர்கள் போன காலம் அது. வாத்தியார்களுக்கு அதுதான் துபாய். முதல் லீவுக்கு வந்தபோது அவர் கொண்டுவந்த டூ-இன்-ஒன்னைப் பார்க்கத் தெருவே கூடியது. எண்பதுகளின் பாதியில் கச்சா எண்ணெய் விலை விழுந்தது. 1986இல் நைராவின் மதிப்பைக் குறைத்தார்கள். வாத்தியார் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். சம்பளம் அதேதான், ஊருக்கு அனுப்பினால்தான் ஒன்றும் தேறவில்லை என்றார்.

ஆனால் அந்தப் பெருமைக் கதையில் ஒரு பாதி விட்டுப்போகிறது. நைராவைத் தூக்கி நிறுத்தியிருந்தது எண்ணெய், உழைப்பு இல்லை. அதற்கு முன்பு வடக்கே கானோவில் நிலக்கடலை மூட்டைகளைப் பிரமிடு பிரமிடாக அடுக்கி வைத்திருப்பார்கள். மேற்கே கோகோ, கிழக்கே பனை எண்ணெய். கச்சா எண்ணெய்ப் பணம் வந்ததும் எல்லாம் சுருங்கியது. 1975இல் நடந்ததைக் கேளுங்கள். ராணுவ ஆட்சி 2 கோடி டன் சிமெண்டுக்கு ஆர்டர் போட்டது. லாகோஸ் துறைமுகத்தில் ஆண்டுக்கு 10 லட்சம் டன் இறக்கினாலே பெரிது. நூற்றுக்கணக்கான கப்பல்கள் மாதக்கணக்கில் கடலில் நின்றன. காத்திருந்த ஒவ்வொரு நாளுக்கும் நைஜீரியா தண்டம் கட்டியது. மூட்டைக்குள்ளேயே இறுகிப்போன சிமெண்டுக்கும் சேர்த்துத்தான்.

பெட்ரோல் கதையும் ஏறக்குறைய அதேதான். போர்ட் ஹார்கோர்ட், வாரி, கடூனா மூன்று ஊர்களிலும் அரசுச் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன. கணக்குப்படி எல்லாம் சேர்த்து நாளுக்கு 4,45,000 பீப்பாய். பல வருடம் அவை சும்மா கிடந்தன. கச்சா எண்ணெயை விற்று, பெட்ரோலை வெளியிலிருந்து வாங்கி, மானியம் கொடுத்து விற்றார்கள். இறக்காத பெட்ரோலுக்கும் பில் போட்டவர்கள் உண்டு. 2012இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது அதில் 680 கோடி டாலர் முறைகேடு என்று கணக்கு வந்தது. நாட்டுக்கு ஒழுங்காகப் பெட்ரோல் எடுத்துக் கொடுக்க டங்கோட்டே என்ற தனியார் முதலாளி ஆலை கட்ட வேண்டியிருந்தது. அங்கிருந்து பெட்ரோல் வந்ததே 2024 செப்டம்பரில்தான்.

2023 மே 29 அன்று போலா டினுபு குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். பெட்ரோல் மானியம் முடிந்தது என்று பதவியேற்புப் பேச்சிலேயே சொல்லிவிட்டார். இருநூறு நைராவுக்குள் இருந்த லிட்டர் சில நாளில் ஐந்நூறைத் தொட்டது, அடுத்த வருடம் ஆயிரம். 2023 ஜூனிலேயே, அரசு கட்டிப்பிடித்து வைத்திருந்த நைராவின் மதிப்பையும் அவிழ்த்துவிட்டார்கள். டாலருக்கு 460 என்றிருந்த அரசு விலை 2024இல் 1,500ஐத் தாண்டியது. எமேக்கா போன்றவர்களுக்கு அரசு விலையில் எப்போதும் டாலர் கிடைத்ததில்லை. தெருவில் பணம் மாற்றித் தரும் அபோக்கியிடம்தான் மாற்றுவார்கள் (ஹவுசா மொழியில் 'நண்பன்' என்று அர்த்தம்). அங்கேயே சுமார் 750ஆக இருந்தது இரண்டு மடங்கானது. முன்பு இருபது பண்டல் எடுத்த பணத்துக்கு அதன் பிறகு பத்துதான். அவர் சாமர்த்தியம் எதுவும் குறையவில்லை.

மானியத்தை எடுத்தது சரியே என்று சொல்லும் பொருளாதார நிபுணர்கள் உண்டு, நானும் மறுக்கவில்லை. ஆனால் பத்தியம் யாருக்கு என்று ஒரு கேள்வி இருக்கிறது. குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 70,000 நைரா ஆக்கினார்கள். அந்த வருடக் கடைசியில் 50 கிலோ அரிசி மூட்டை அதைவிட விலை அதிகம். அதே 2024இல் குடியரசுத் தலைவருக்கு ஏர்பஸ் 330 விமானம் வந்தது. பதவியேற்று ஒரு வருடம் முடிந்த அன்று, 1978இல் கைவிட்ட பழைய தேசிய கீதத்தைச் சட்டம் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதை எழுதியவர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. அரிசி கேட்டால் பாட்டு.

மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று யார் சொன்னது? 2012 ஜனவரியில் பெட்ரோலை 65இலிருந்து 141 ஆக்கியபோது நாடே வேலைநிறுத்தம் செய்து 97க்கு இறக்க வைத்தது. 2020 அக்டோபரில் போலீஸ் அட்டூழியத்தை எதிர்த்து இளைஞர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். லாகோஸில் லெக்கி சுங்கச்சாவடியில் ராணுவம் சுட்டது. 2024 ஆகஸ்டில் பசி என்று சொல்லியே ஊர்வலம் போனார்கள். அதில் பிடித்த 76 பேரை நவம்பரில் தலைநகர் அபுஜாவின் நீதிமன்றத்தில் நிறுத்தியபோது அவர்களில் பலர் சிறுவர்கள். தேசத்துரோக வழக்கு. நான்கு பையன்கள் நிற்க முடியாமல் நீதிமன்றத்திலேயே மயங்கி விழுந்தார்கள். உலகமே பார்த்துவிட்ட பிறகுதான் வழக்கை வாபஸ் வாங்கினார்கள்.

மற்ற நாளில் அவரவர் வீட்டுக்கு அவரவரே சர்க்கார். தண்ணீருக்குச் சொந்தமாக போர்வெல், வாசலுக்குக் காவலாள், கரண்டுக்கு ஜெனரேட்டர். அங்கே ஏழை வீட்டிலும் இருக்கும் ஒரு குட்டி ஜெனரேட்டருக்கு ஜனங்கள் வைத்த பெயர் 'ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்'. பக்கத்து வீட்டுக்காரனுக்கு நான் தேவலை என்று அர்த்தம். அந்த நாட்டைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எமேக்கா சரக்கு கட்டும் பையைப் பார்த்திருப்பீர்கள், சிவப்பும் நீலமும் கட்டம் போட்ட பிளாஸ்டிக் பை. அதற்கு அவர்கள் ஊரில் 'கானா மஸ்ட் கோ' என்று பெயர். 1983 ஜனவரியில், எண்ணெய்க் காசு வற்றத் தொடங்கியதும், அனுமதியில்லாத வெளிநாட்டவர் இரண்டே வாரத்தில் வெளியேற வேண்டும் என்று நைஜீரியா உத்தரவு போட்டது. சுமார் 20 லட்சம் பேர், பாதிக்கு மேல் கானாக்காரர்கள், இந்தப் பைகளில் துணியை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். (1969இல் கானா இதையே நைஜீரியர்களுக்குச் செய்திருந்தது, அது வேறு கதை.) இன்று லாகோஸில் படித்த பிள்ளைகள் வாயில் எப்போதும் 'ஜாப்பா'. யோருபாவில் ஓடித் தப்புவது. டாக்டரும் நர்சும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். போகிற இடத்தில் அந்தப் பச்சைப் பாஸ்போர்ட்டுக்கு என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியும். நம் தினசரிகளில் 'நைஜீரிய வாலிபர்' என்று தொடங்கும் செய்தி எப்படி முடியும் என்பதும் தெரியும்.

சரி, அவர் கோபத்துக்கு வருகிறேன். எமேக்கா இக்போ இனத்தவராக இருக்க வேண்டும். அவர்கள் பியாஃப்ரா என்று தனிநாடு கேட்டு நடந்த போர் 1970இல் தோல்வியில் முடிந்தது. அவர்கள் வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் ஆளுக்கு 20 பவுண்டுதான் என்றது அரசு. அதை வைத்துக்கொண்டு எழுந்தவர்கள். பையன் ஒரு முதலாளி கடையில் சில வருடம் சம்பளமில்லாமல் வேலை பழகுவான், முடிந்ததும் முதலாளி முதல் போட்டுத் தனிக்கடை வைத்துக் கொடுப்பார். நம் அண்ணாச்சி கடைகள் மாதிரி. ஒனிட்ஷா சந்தை அப்படி வளர்ந்தது. கையேந்தாமல் பிழைத்தோம் என்பதுதான் அவர்கள் வீட்டுப் பெருமை.

அவர் சொன்ன நெரிசல் ஒகிஜாவில் நடந்ததாகத்தான் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை, அவருடைய அதே அனாம்ப்ரா மாநிலம். ஒரு மூட்டை அரிசிக்காகப் போனவர்கள் செத்தார்கள். அந்த வாரம் பார்த்து நீங்கள் எடுத்த வார்த்தை 'பிச்சை'.

திட்டுவதற்கும் அவர்கள் ஊரில் பெரிய முன்னோடி உண்டு. எழுத்தாளர் சினுவா அச்செபி ஒனிட்ஷாவுக்குப் பக்கத்தில் ஒகிடி ஊர்க்காரர். அரசு கொடுத்த தேசிய விருதை 2004இல் வேண்டாம் என்றார். தன் மாநிலத்தைச் சிலர் சூறையாடுவதை மேலே இருப்பவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. 2011இல் மறுபடி கொடுத்தார்கள், மறுபடி வேண்டாம் என்றார். அவரை நைஜீரியாவைப் பிடிக்காதவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அன்றைக்குச் சொன்னதற்கு ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்துவிடுங்கள். கடன் விஷயத்தில் நானாக இருந்தால் கேட்டதில் பாதி கொடுப்பேன். கணக்கை ரூபாயில் எழுதுங்கள், நைரா அடுத்த மாதம் எங்கே நிற்கும் என்று அபுஜாவில் இருப்பவர்களுக்கே தெரியாது. எதற்கும் உங்கள் ஆடிட்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் வியாபார யோசனை கேட்டு இதுவரை யாரும் உருப்பட்டதில்லை.

அன்புடன்