சிகிச்சை நடக்கும்போதே ‘நிறுத்துங்கள்’ என்று நோயாளி சொல்லலாமா?

கேள்வி: சிறுநீரகக் கல்லுக்காக அப்பாவுக்கு வைத்த டி.ஜே. ஸ்டென்டை (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் தடையின்றி இறங்க உள்ளே வைக்கும் மெல்லிய குழாய்) அடுத்த வாரம் எடுக்கப் போகிறார்கள். போன முறை அங்கே கவனிப்பு மோசமாக இருந்தது என்கிறார். நடுவில் வாய் திறந்து சொல்லலாமா? மருத்துவர் கோபித்துக்கொள்வாரா?

பதில்: சொல்லலாம். மருத்துவர் கோபித்துக்கொள்ளவும் கூடும். எனக்கு இரண்டுமே நடந்தன.

மூன்று ஆண்டுகளுக்கு முன், என் சிறுநீர்க்குழாயில் சிக்கியிருந்த கல்லை லேசரால் உடைத்துவிட்டு, அந்த இடம் வீங்கி அடைத்துக்கொள்ளாமலிருக்க இதே ஸ்டென்டை வைத்து அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எடுக்காமல் விட்டால் ஸ்டென்டின் மேலேயே கல் படிந்து சிறுநீரகத்துக்கே கேடு வரும் என்பதால், பிடிக்கவில்லையென்றால் எழுந்து வந்துவிடக்கூடிய சிகிச்சை அல்ல அது. நோயாளிகள் வாயை மூடிக்கொண்டு கிடப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

மைனர் ஓ.டி.யில், அதாவது சின்னச் சிகிச்சைகளுக்கான அறையில், என்னைப் படுக்கவைத்து இரண்டு கால்களையும் தூக்கித் தாங்கிகளில் வைத்தார்கள். இடுப்புக்குக் கீழே நடுவில் துளையிட்ட பச்சைத் துணி ஒன்றுதான். அதுவும் நழுவிக்கொண்டே இருந்தது. மரத்துப்போவதற்கான லிக்னோகெய்ன் ஜெல்லியைச் சிறுநீர்த் துவாரத்தில் செலுத்திய ஒரு நிமிடத்துக்குள், அதே வழியாக உள்ளே விட்டுப் பார்க்கும் கருவியான சிஸ்டோஸ்கோப்பை மருத்துவர் கையில் எடுத்துவிட்டார். ஜெல்லியை 5 முதல் 10 நிமிடம் வரை உள்ளே நிற்கவிடுவது வழக்கம் என்று நான் முந்தைய நாளே படித்து வைத்திருந்தேன். “சார், ஜெல்லி போட்டு இன்னும் நேரம் ஆகலையே” என்றேன். “ரெண்டு நிமிஷ வேலைங்க, பல்லைக் கடிச்சுக்குங்க” என்றார். அதே நேரத்தில் ஒரு அட்டெண்டர் கதவை அகலத் திறந்து ஏதோ ஃபைலைக் கேட்டார். வெளியே நாற்காலியில் காத்திருந்தவர்களின் முகங்கள் எனக்கு நன்றாகத் தெரிந்தன. அவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

கருவி உள்ளே போனதும் “வலிக்குது சார்” என்று இரண்டு முறை சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்ததில், அந்த அறையில் ‘வலிக்குது’ என்பது நாள் முழுவதும் கேட்டுப் பழகிப்போன சொல் என்பதும், ‘பொறுத்துக்குங்க’ என்பது அதற்கென்றே வைத்திருக்கும் பதில் என்பதும் புரிந்தது. மூன்றாவது முறை உடம்பை அசைக்காமல் கையை மட்டும் உயர்த்தி, “நிறுத்துங்க” என்று சத்தமாகச் சொன்னேன். உள்ளே கருவி இருக்கும்போது துள்ளினால் காயம் நமக்குத்தான். ஆகவே உங்கள் அப்பாவிடம் இந்த அசையாமையை அழுத்திச் சொல்லிவையுங்கள். மருத்துவர் அப்போதும் நிறுத்தவில்லை. தலைமாட்டில் நின்ற சிஸ்டர்தான், “சார், பேஷண்ட் நிறுத்தச் சொல்றாரு” என்றார். அதன் பிறகே கருவி வெளியே வந்தது. மருத்துவர் முகம் சிவந்து, “உங்களுக்காக எல்லாரும் காத்திருக்கணுமா?” என்று கேட்டார், நான் பதில் சொல்லவில்லை. மறுபடியும் ஜெல்லி போட்டு, கதவைத் தாழிட்டு, ஏழெட்டு நிமிடம் கழித்து எடுத்தபோது எரிச்சல் இருந்தது, முதல் முறை இருந்த வலி இல்லை.

என் பேச்சைவிடச் சிஸ்டரின் ஒரு வாக்கியத்துக்கு எடை அதிகம் என்பதையும், நான் வாய் திறந்திராவிட்டால் அவரும் திறந்திருக்க மாட்டார் என்பதையும் அன்று கண்டேன். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் அறையில் இருக்கும் எல்லாரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்று ஒரு படி உண்டு. ஒருமுறை பேசிவிட்டவருக்குத் தவறு கண்டபோது மறுபடி பேசுவது எளிது என்பதே அதன் பின்னிருக்கும் எண்ணம். ‘சின்ன வேலை’ என்று பெயர் வாங்கிவிட்ட சிகிச்சைகளில் இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை.

அன்று மாலையே மருத்துவக் கண்காணிப்பாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். தேதி, நேரம், ஜெல்லிக்கும் கருவிக்கும் இடையே விட்ட இடைவெளி, திறந்த கதவு, நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாதது ஆகியவை மட்டும் அதில் இருந்தன. வசவு ஒன்றுகூட இல்லை. நகலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். பத்து நாள் கழித்து மருத்துவமனையின் மக்கள் தொடர்பு அலுவலர் (பி.ஆர்.ஓ.) அழைத்து, அடுத்த முறை கன்சல்டேஷன் கட்டணம் வேண்டாம் என்றார். கட்டணத்தைப் பற்றி நான் எழுதவேயில்லை என்று சொன்ன பிறகுதான் எழுத்தில் வருத்தம் தெரிவித்து, கதவுக்கு உட்புறம் திரை போடுவதாகக் கடிதம் வந்தது. ஜெல்லி போட்டபின் காத்திருக்க வேண்டிய நேரத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

நான் அதற்கு மேல் போகவில்லை. வலி இருந்தது என்பது மட்டுமே சட்டத்தின் கண்ணில் அலட்சியம் ஆகிவிடாது. உடம்புக்குச் சேதம் நேர்ந்திருந்தால் கதை வேறு. கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். மருத்துவரின் நடத்தை பற்றிய புகாருக்குத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. எந்த வழியில் போனாலும் ஆவணம் வேண்டும். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைக் குறிப்புகளைக் கொடுத்தாக வேண்டும். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியோடு நின்றுவிடாமல், சிகிச்சையின் எல்லாக் குறிப்புகளும் அடங்கிய முழுக் கேஸ் ஷீட்டின் நகலையும் எழுதிக் கேளுங்கள்.

உங்கள் அப்பா விஷயத்தில் நீங்கள் வெளியே உட்கார்ந்திருப்பீர்கள். உள்ளே நடப்பது தெரியாது. ஆகவே காலையில் போனதும், மருத்துவர் வருவதற்கு முன்பே, அங்கிருக்கும் சிஸ்டரைப் பார்த்து, “போன தடவை அப்பாவுக்கு ரொம்ப வலிச்சிருக்கு சிஸ்டர். ஜெல்லி போட்டுக் கொஞ்சம் நேரம் விடச் சொல்லுங்க. அவர் கையைத் தூக்கினா நிறுத்தச் சொல்லுங்க” என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் பெயரையும் அப்போதே கேட்டு அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். நிறுத்தச் சொல்லும்போது அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடட்டும்.