நாலு நாள் லீவில் பழனிக்கு நடக்க முடியுமா?

கேள்வி: எனக்கு 41 வயது. சென்னையில் நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. எங்கள் அப்பத்தா காரைக்குடியிலிருந்து பழனிக்கு வருஷா வருஷம் நடந்தவர். வரும் தைப்பூசத்துக்கு நானும் நடந்து வருவதாக வேண்டிக்கொண்டேன். சனி, ஞாயிறையும் சேர்த்து நாலு நாள்தான் லீவு கிடைக்கும். காரைக்குடியிலிருந்தே நடக்க முடியுமா? செருப்புப் போடலாமா?

பதில்: முடியாது. சுற்றி வளைப்பானேன். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி ஏறத்தாழ 170 கிலோமீட்டர். நாலு நாள் என்றால் தினமும் 42-க்கு மேல். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்று செல்போன் காட்டும் கணக்கை நம்பாதீர்கள். மோர்ப்பந்தல், கழிப்பறை, கால் நீட்டி உட்காரும் நேரம் எல்லாம் சேர்த்தால் மணிக்கு மூன்றுதான் தேறும். 42 கிலோமீட்டருக்குப் பதினான்கு மணி நேரம். அப்புறம் எப்போது தூங்குவீர்கள்? அப்பத்தாவுக்குக் கூடவே நடக்க ஊர்க்கூட்டம் இருந்திருக்கும், திரும்பி வர அவசரமும் இருந்திருக்காது.

நீங்கள் திண்டுக்கல்லில் தொடங்குங்கள். அங்கிருந்து பழனி 60 கிலோமீட்டருக்குள்தான். நத்தத்தில் தொடங்கினால் இன்னும் 37 கிலோமீட்டர் கூடும். முதல்முறை நடப்பவருக்கு அது வேண்டாத வேலை.

வெள்ளிக்கிழமை இரவு ரயில் ஏறினால் விடிகாலையில் திண்டுக்கல். இறங்கிய கையோடு நடக்க ஆரம்பிக்காதீர்கள். ரயிலில் அரைகுறையாகத் தூங்கிய உடம்பு. அறை எடுத்துப் படுத்து எழுந்து, மாலை மூன்றரை மணிக்குக் கிளம்பினால் இரவுக்குள் ரெட்டியார்சத்திரம், 12 கிலோமீட்டர். மறுநாள் ஒட்டன்சத்திரம் வரை 18. மூன்றாம் நாள்தான் பெரியது, முப்பதுக்குச் சற்றுக் குறைவு. விடிகாலை மூன்று மணிக்கே கிளம்பி, சத்திரப்பட்டியில் காலைச் சாப்பாடு, ஆயக்குடியில் மதிய ஓய்வு, பொழுது சாயப் பழனி. (ஆயக்குடியில் கொய்யா வாங்காமல் வராதீர்கள்.) நாலாம் நாள் தரிசனம், இரவு ரயில். இந்த நாலாம் நாளைச் சுருக்கி இன்னும் பத்து கிலோமீட்டர் நடக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். தரிசன வரிசையில் எத்தனை மணி நேரம் நிற்போம் என்பது நம் கையில் இல்லை.

முடிந்தால் பூசத்தன்று போய்ச் சேராதபடி பாருங்கள். பெரியநாயகி அம்மன் கோயிலில் கொடியேறியதிலிருந்தே கூட்டம் ஏறிக்கொண்டே போகும், தேரோட்டத்தன்று அறையும் கிடைக்காது, பஸ்ஸும் கிடைக்காது. முந்தைய வாரமே போய்விட்டால் சாலையில் துணைக்கு ஆள் இருக்கும், மலையில் மூச்சு விட இடம் இருக்கும்.

காரைக்குடி என்று வேண்டிக்கொண்டது உறுத்தினால் ஒன்று செய்யுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வரை நடந்து சண்முகநாதரைக் கும்பிட்டு வாருங்கள். பத்து கிலோமீட்டர்தான். வேண்டுதலுக்கும் ஆச்சு, பயிற்சிக்கும் ஆச்சு.

பயிற்சி என்றதும் தினமும் அரை மணி நேரம் மொட்டை மாடியில் நடந்தால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். போதாது. நடைப்பயணத்தில் ஆளைச் சாய்ப்பது இரண்டாம் நாள் காலைதான், முதல் நாள் நடந்த காலோடு மறுபடி எழுந்து நடக்க வேண்டும். அதனால் எட்டு வாரம் முன்பே தொடங்கி, சனிக்கிழமை 8, ஞாயிற்றுக்கிழமை 6 என்று அடுத்தடுத்த இரண்டு நாளும் நடந்து பழகுங்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூட்டி, 18-ம் 14-ம் வந்தால் நீங்கள் தயார். கடைசி வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

செருப்பு விஷயம். வெறுங்கால் என்று வேண்டியிருந்தால் பயிற்சியையும் வெறுங்காலில் செய்தாக வேண்டும், காலை பத்து மணிக்கு மேல் தாரில் கால் வைக்கக் கூடாது. சர்க்கரை நோய் இருந்தால் வெறுங்கால் பேச்சே வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் ஏறியதுகூடத் தெரியாது, புண் சீழ் வைத்த பிறகுதான் தெரியும். மற்றபடி வேண்டுதலில் செருப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் புதிது வேண்டாம். ஒரு வருஷம் ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு தம்பியைப் பார்த்தேன். பளபளவென்று புது ஷூ, இரண்டு நாடாவையும் முடிந்து கழுத்தில் மாலையாகத் தொங்கவிட்டிருந்தார். குதிகாலில் கொப்புளம் உடைந்து, ஓரக்காலை ஊன்றி நடந்து போனார். நடக்க நடக்கக் கால் வீங்கும், அதனால் அரை சைஸ் பெரிதாக எடுத்து, ஒரு மாதமாவது போட்டுப் பழக்குங்கள்.

கொப்புளம் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் சூடாக ஓர் எரிச்சல் தெரியும். அடுத்த பந்தல் வரட்டும் என்று தள்ளாமல் அங்கேயே உட்கார்ந்து, காலைத் துடைத்து, பிளாஸ்திரி ஒட்டுங்கள். ஈரக் காலுறையை உடனே மாற்றுங்கள். தொடை உரசும் இடத்தில் வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய்.

பெண்கள் பலர் செய்யும் தப்பு, கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடப்பது. மதியத்துக்குள் தலைவலி, பிறகு நீர்க்கடுப்பு. வழியில் பெட்ரோல் பங்க் எது கண்ணில் பட்டாலும் போய்விட்டு வந்துவிடுங்கள். வெறும் தண்ணீரையே குடிக்காமல் உப்புப் போட்ட மோரும் ஓ.ஆர்.எஸ்.ஸும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்னதானப் பந்தலில் அன்போடு அள்ளி வைப்பார்கள். பாதி வயிறுக்கு மேல் வேண்டாம், பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு நடந்தவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

இருட்டில் தனியாக நடக்காதீர்கள், ஒரு குழுவோடு சேருங்கள். பை சுமக்க வேன் வைத்திருக்கும் குழு என்றால் இன்னும் நல்லது. ஒட்டன்சத்திரத்தில் பெரிய காய்கறிச் சந்தை இருப்பதால் அந்தப் பக்கம் லாரி அதிகம். சில இடங்களில் நடப்பவர்களுக்குத் தனிப் பாதை உண்டு. இல்லாத இடங்களில் சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி நடங்கள். முதுகில் ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள்.

மலை ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்கு வலி. படி 693. ஏறும்போது படியில் ஏறினாலும், இறங்கும்போது யானைப்பாதையில் இறங்குங்கள், சரிவு மெதுவாக இருக்கும். அதற்குள் கால் வீங்கி ஷூவுக்குள் போகாது, பையில் ஒரு பழைய அகலச் செருப்பு இருக்கட்டும்.