வாஷரை மாற்றியும் குழாய் சொட்டுகிறதா? இருக்கையைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் சமையலறைத் தொட்டிக்கு மேலுள்ள பித்தளைக் குழாய் மூன்று மாதமாகச் சொட்டுகிறது. இரண்டு முறை வாஷர் மாற்றிவிட்டோம். மாற்றிய முதல் வாரம் நின்றுவிடுகிறது, பிறகு பழைய கதைதான். எவ்வளவு இறுக்கினாலும் நிற்பதில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், உப்பு அதிகம். குழாயையே மாற்றிவிடச் சொல்கிறார் பிளம்பர். நாங்களே சரிசெய்ய வழியில்லையா?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: ‘எவ்வளவு இறுக்கினாலும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. மீதிப் பாதி, ‘முதல் வாரம் நின்றுவிடுகிறது’ என்பதில்.

இரண்டு மூன்று சுற்றுத் திருகி மூடும் பழைய வகைக் குழாய் உங்களுடையது என்று எடுத்துக்கொள்கிறேன். அதன் வயிற்றுக்குள் ஒரு துளை. துளையைச் சுற்றிச் சற்றே மேடான பித்தளை விளிம்பு. இதைத்தான் இருக்கை என்கிறோம். கைப்பிடியைத் திருகும்போது ஸ்பிண்டில் என்ற தண்டு கீழிறங்கி, அதன் நுனியிலுள்ள ரப்பர் வாஷரை அந்த விளிம்பின் மேல் அழுத்துகிறது. தண்ணீர் நிற்க அவ்வளவுதான் தேவை. ஆனால் நம் வீடுகளில் தண்ணீர் நின்ற பிறகும் ஓர் அரைச் சுற்று இறுக்காமல் யாரும் நகர்வதில்லை. ஸ்பிண்டிலின் திருகு சும்மா இருக்குமா? கையின் விசையைப் பன்மடங்காக்கி ரப்பரை நசுக்குகிறது. ரப்பரில் வளையமாகத் தடம் விழுகிறது, ஒரு நாள் அந்தத் தடம் ஓரிடத்தில் கிழிகிறது. மயிரிழை வழியாக நீர் கசியத் தொடங்குகிறது.

அதன் பிறகு நடப்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. கசியும் நீர் உப்பையும் பொடி மணலையும் இழுத்துக்கொண்டு இரவும் பகலும் ஒரே இடத்தில் உரசுகிறது. பித்தளை விளிம்பில் மெல்ல ஒரு வாய்க்கால் அரிக்கிறது. புது வாஷர் போட்டால் அது மெத்தென்று இருப்பதால் அந்த வாய்க்காலுக்குள் பிதுங்கி அடைத்துக்கொள்ளும். அதுதான் உங்கள் முதல் வாரம். அப்புறம் வாய்க்காலின் கூரிய ஓரம் புது ரப்பரையும் அறுத்துவிடும். நீங்கள் மாற்றியது அடி வாங்கியவனை, அடித்தவன் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறான்.

கையில் ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு சோதனை. குழாயை மூடி, துணியால் முழுதும் துடைத்துவிட்டு, கைப்பிடியின் அடிப்பாகத்தைச் சுற்றிச் செய்தித்தாள் துண்டு ஒன்றைக் கட்டுங்கள். தாள் உலர்ந்திருக்க, மூக்கு நுனியில் மட்டும் சொட்டினால் வாஷரோ இருக்கையோதான். குழாயைத் திறக்கும்போது மட்டும் தாள் நனைந்தால் கோளாறு மேலே, ஸ்பிண்டிலைச் சுற்றியுள்ள அடைப்பில். அதைப் பின்னால் சொல்கிறேன். அன்னக் கழுத்துபோல் வளைந்த குழாயாக இருந்தால், மூடிய பிறகு சில நிமிடம் சொட்டிவிட்டு நிற்பது கோளாறே இல்லை. கழுத்தில் தங்கிய நீர் வடிகிறது, அவ்வளவுதான். இதற்கே பிளம்பரை அழைத்துப் பணம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

எவ்வளவு வீணாகிறது என்று பார்க்க வேண்டுமானால் அடியில் ஒரு டம்ளரை வையுங்கள். 200 மில்லி டம்ளர் கால் மணி நேரத்தில் நிறைந்தால் மணிக்கு 800 மில்லி, ஒரு நாளைக்கு 19 லிட்டர். வாசலுக்கு வரும் தண்ணீர் கேன் ஒன்றுக்குச் சற்றுத்தான் குறைவு.

இனி வேலை. முதலில் மாடியில் தொட்டிக்கு அருகே, சமையலறைக்கு வரும் கேட் வால்வை மூட வேண்டும். வருடக்கணக்கில் யாரும் தொடாத வால்வு இறுகிப்போயிருக்கும். மல்லுக்கட்டாதீர்கள். இப்படியும் அப்படியுமாகச் சிறிது சிறிதாக அசைத்துப் பாருங்கள். அசையவே இல்லையென்றால் விட்டுவிடுங்கள், சொட்டும் குழாயைவிட உடைந்த வால்வு பெரிய தலைவலி. தொட்டி கழுவும் நாளில், தண்ணீர் வற்றிய பிறகு வேலையை வைத்துக்கொள்ளலாம்.

வால்வை மூடியதும் குழாயைத் திறந்து குழாய்வழியில் உள்ள நீரை வடித்துவிடுங்கள். சமையலறைத் தொட்டியின் வடிதுளையை ஒரு துணியால் அடைத்துவிடுங்கள். இதைச் செய்யாதவர்கள் எல்லோரும் ஒரு திருகாணியையாவது அந்தத் துளையில் இழந்திருப்பார்கள். கைப்பிடியின் தலையிலுள்ள மூடியை நெம்பி எடுத்தால் உள்ளே திருகாணி தெரியும். அதைக் கழற்றினால் கைப்பிடி வந்துவிடும், உப்பு பிடித்துக்கொண்டிருந்தால் வினிகர் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வையுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டை மட்டும் கொண்டுவராதீர்கள், அது பளபளப்பான பூச்சையும் தின்னும், பித்தளையையும் தின்னும்.

இப்போது அறுகோண நட்டு தெரியும். அதில் துணியைச் சுற்றி ஸ்பேனரைப் போட்டு இடப்பக்கமாகத் திருப்புங்கள். ஒரு கையால் ஸ்பேனரைத் திருப்பும்போது மறு கையால் குழாயின் உடலை அசையாமல் பிடித்துக்கொள்வது மிக முக்கியம். தொழில் பழகிய காலத்தில் நான் அப்படிப் பிடிக்காமல் திருப்பி, சுவருக்குள் இருந்த எல்போ என்ற வளைவு இணைப்பை உடைத்தேன். ஒரு வாஷருக்காகப் போன வீட்டில் நான்கு டைல்ஸைப் பெயர்த்துவிட்டு வந்த அந்த நாள் இன்னும் மறக்கவில்லை. இன்னொன்று, ஸ்பிண்டிலைக் கழற்றும்போதும் திரும்பப் பூட்டும்போதும் குழாய் பாதி திறந்த நிலையிலேயே இருக்கட்டும். மூடிய நிலையில் பூட்டினால், நட்டு இறுகுவதற்குள் புது வாஷர் நசுங்கிவிடும்.

ஸ்பிண்டிலோடு வெளியே வந்த வாஷரைத் திருப்பிப் பாருங்கள். வளையத் தடம் சீராக இருந்தால் அது வயதாகித் தேய்ந்தது. தடத்தில் ஓரிடத்தில் மட்டும் வெட்டு இருந்தால் இருக்கையில் பள்ளம் இருக்கிறது என்றே அர்த்தம். கைப்பேசி விளக்கைக் குழாயின் வயிற்றுக்குள் அடித்து, சுண்டுவிரலை விட்டு நகத்தால் விளிம்பை ஒரு சுற்று மெதுவாகத் தடவுங்கள். நகம் எங்காவது தட்டும். கண்ணுக்குத் தெரியாத பள்ளம்கூட நகத்துக்குத் தெரியும்.

பள்ளம் ஆழமில்லையென்றால் நீங்களே தேய்த்துவிடலாம். குழாயின் வயிற்றுக்குள் ஆடாமல் நுழையும் அளவுக்கு ஒரு மரக்குச்சியை எடுத்து, நுனியைச் சமமாக அறுத்து, அதில் 400 எண் உப்புத்தாளை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். விளிம்பின் மேல் நேராக நிறுத்தி, அழுத்தாமல், பத்துப் பதினைந்து சுற்று திருப்புங்கள். பிறகு நகத்தால் மறுபடி பாருங்கள். குச்சி சாய்ந்தால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து இருந்ததும் கெடும், அதனால் அவசரம் வேண்டாம். முடிந்ததும் குழாயின் மேல் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, மாடியில் இருப்பவரை வால்வை நொடிப்பொழுது திறந்து மூடச் சொல்லுங்கள். பித்தளைத் தூள் அடித்துக்கொண்டு வந்துவிடும். இருக்கையைச் சீவுவதற்கென்றே திருகு வடிவில் ஒரு கருவி உண்டு, பழைய பிளம்பர்கள் சிலரிடம் இன்னும் இருக்கும். ஆழமான பள்ளத்துக்கு அது வேண்டும். அது கிடைக்காவிட்டால்தான் ‘குழாயையே மாற்றுங்கள்’ என்ற உங்கள் பிளம்பரின் பேச்சு சரி.

வாஷர் வாங்க அளவு சொல்லிக்கொண்டு போகாதீர்கள், பழையதையே எடுத்துப் போய்க் காட்டுங்கள். அரை அங்குலக் குழாய் என்றாலும் வாஷரின் கனமும் அகலமும் குழாய்க்குக் குழாய் மாறும். நகத்தால் அழுத்தினால் சற்றே அமுங்கி உடனே எழும் கெட்டி ரப்பராகப் பார்த்து, இரண்டாக வாங்கிவிடுங்கள். பழைய செருப்பை வெட்டி வாஷர் செய்வது நம் ஊர்க் கைவைத்தியம். மென்மையாக இருப்பதால் உடனே நிற்கும், அதே மென்மையால் விரைவில் கிழியும். கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு அதைவிட நல்ல வழி, இருக்கும் வாஷரையே தலைகீழாகத் திருப்பிப் போடுவது. பூட்டும்போது ரப்பரில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். வெறும் தண்ணீரில் நனைத்துப் போட்டாலே போதும்.

கைப்பிடியின் அடியில் கசிகிற வகைக்கு இத்தனை பாடு இல்லை. ஸ்பிண்டிலைச் சுற்றியுள்ள சிறிய கிளாண்ட் நட்டை எட்டில் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். கைப்பிடியைத் திருப்பக் கனமாக இருந்தால் இறுக்கியது அதிகமாகிவிட்டது என்று பொருள். அதற்கும் நிற்காவிட்டால் அந்த நட்டைக் கழற்றி, ஸ்பிண்டிலில் டெஃப்லான் டேப்பைக் கயிறுபோல் முறுக்கி நான்கைந்து சுற்றுச் சுற்றிப் பூட்டுங்கள்.

கால் சுற்றிலேயே மூடும் புதுவகைக் குழாய் என்றால் நான் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அதில் வாஷரும் இல்லை, இருக்கையும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் இரண்டு பீங்கான் தகடுகள்தான் தண்ணீரை மறிக்கின்றன. இடையில் ஒரு மணல் துகளோ உப்புப் பொருக்கோ சிக்கினால் சொட்டும். அந்தத் தகடுகள் அடங்கிய கார்ட்ரிட்ஜைக் கழற்றி அரை மணி நேரம் வினிகரில் ஊறவைத்து அலசிப் போட்டாலே பல நேரம் நின்றுவிடும். ஊசியால் சுரண்டாதீர்கள், கீறல் விழுந்த தகடு அப்புறம் உதவாது. புதிது வாங்கினால் பழையதைக் கையில் கொண்டுபோய், கைப்பிடி மாட்டும் பற்களின் எண்ணிக்கை, திரும்பும் திசை இரண்டையும் ஒப்பிட்டு வாங்குங்கள். திசை மாறினால் குழாய் வேலை செய்யும், ஆனால் மூட நினைக்கும்போதெல்லாம் திறக்கும். பிளாஸ்டிக் குழாயைப் பிரித்துப் பார்க்க நேரம் செலவிடாதீர்கள், புதிதே மாற்றிவிடுங்கள்.

வெந்நீர் கலக்கும் குழாயில் கைவைக்கும் முன் கீஸரின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். சுவருக்குள் புதைந்த வால்வும், துருவேறிய இரும்புக் குழாயில் பூட்டிய குழாயும் நமக்கான வேலை அல்ல, அவற்றுக்கு ஆளைக் கூப்பிடத்தான் வேண்டும்.

எல்லாம் பூட்டிய பின் மாடி வால்வை மெல்லத் திறவுங்கள். மூக்கு நுனியில் சல்லடை இருந்தால் அதைக் கழற்றிவைத்துவிட்டு ஒரு நிமிடம் நீரை ஓடவிடுங்கள், கிளம்பிய பொருக்கெல்லாம் போய்விடும். பிறகு மூடிப் பாருங்கள். தண்ணீர் நின்ற இடத்திலேயே கையை எடுத்துவிட வேண்டும், இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். ‘சரியாக மூடினாயா’ என்று கேட்டுக்கொண்டே போய் இன்னொரு முறை இறுக்கும் பெரியவர் எந்த வீட்டிலும் ஒருவராவது இருப்பார். அவருக்கு இரண்டு முறை.

கடை திறக்கும்வரை இன்றிரவு அந்தச் சத்தம் தூங்கவிடாது என்றால், குழாயின் மூக்கில் ஒரு பருத்தி நூலைக் கட்டி மறு நுனியை அடியிலுள்ள பாத்திரத்தில் தொங்கவிடுங்கள். சொட்டு நூலைப் பிடித்துச் சத்தமில்லாமல் இறங்கிவிடும். காலையில் அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவிக்கொள்ளலாம்.