வாளை யார் வாங்கி வைத்தது?

அன்புள்ள ஐயா,

ஒரு திகில் நாவல் எழுதி முடித்திருக்கிறேன். 42 அத்தியாயம், ஒரு லட்சத்துப் பத்தாயிரம் சொற்கள். பதினைந்து வருடம் இன்னொருவரிடம் உதவியாளனாக இருந்த இசையமைப்பாளனுக்குத் தனியாக முதல் படம் கிடைக்கிறது. ஐந்து பாட்டு. ட்யூன் போடுவதற்காகக் காரைக்குடிப் பக்கம் பூட்டிக்கிடந்த பெரிய வீடொன்றை வாடகைக்கு எடுக்கிறான். மனைவியும் கூட வருகிறாள். அவனுடைய ட்யூன்களுக்கெல்லாம் மாதிரிக்கு ட்ராக் பாடி வைக்கிறவள் அவள்தான். ராத்திரி இரண்டாங்கட்டில், வீட்டின் உட்பகுதியில், ஒரு பெண் குரல் கேட்கிறது. பிறகு அந்தப் பெண்ணே வருகிறாள். 6-ஆம் அத்தியாயத்தில் உறவு. அவள் செத்துப்போனவள் என்பதை 29-இல் ஒரு மந்திரவாதி சொல்கிறார். அதுவரை மறைத்து வைக்கத்தான் படாதபாடு பட்டேன். படித்த நாலு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: “முதல் பாதி கள்ளக்காதல் சீரியல், பின்பாதி பேய்ப்படம். பயம் மட்டும் வரல.” பேயை இன்னும் கொடூரமாக்க வேண்டுமா? படுக்கையறைக் காட்சிகளைக் குறைக்க வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சுருக்கத்தையும் முதல் பத்து அத்தியாயங்களையும் படித்தேன். பேயைத் தொட வேண்டாம். 29-ஆம் அத்தியாயம்வரை மறைத்தீர்களே, கோளாறு அதில்தான்.

‘நீலிக் கண்ணீர்’ என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். அந்தக் கதையின் கட்டமைப்பை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பல வடிவங்கள் உண்டு, நடுப்பகுதி ஏறக்குறைய ஒன்றுதான். முற்பிறவியில் தன்னைக் கொன்றவன் இந்தப் பிறவியில் வணிகனாகத் திருவாலங்காட்டை அடுத்த பழையனூருக்கு வருகிறான். நீலி பெண்ணுருவெடுத்து, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எழுபது வேளாளர் கூடிய சபையில் அழுகிறாள்: இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டு ஓடப் பார்க்கிறார். அவன் பேய் பேய் என்று கதறுகிறான். உன் உயிருக்கு எங்கள் எழுபது உயிர் பிணை என்று அவர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள். அப்போது நீலி கேட்பது ஒன்றே ஒன்று. அவர் கையிலிருக்கும் வாளை வாங்கி வையுங்கள், ராத்திரியில் என்னைக் கொன்றுவிடுவார். வாங்கி வைக்கிறார்கள். கதவு சாத்தப்படுகிறது. விடிந்தால் பிணம். எழுபது பேரும் தீப்பாய்கிறார்கள்.

இந்தக் கதையை வில்லுப்பாட்டில் கேட்கிறவனுக்கு அவள் பேய் என்பது ஆரம்பத்திலேயே தெரியும். தெரிந்ததனால்தான் அந்த வாள் கைமாறும் இடத்தில் அவனுக்கு வயிறு கலங்குகிறது. கொலையை நாலு வரியில் முடித்தாலும் போதும், பயம் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. இன்னொன்றையும் பாருங்கள். வாளை வாங்குகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. தாலிக்கு நியாயம் செய்கிறோம் என்று நம்பிச் செய்கிறார்கள்.

உங்கள் நாவலில் அந்த வாள் எது? நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள், கவனிக்கத் தவறிவிட்டீர்கள்: மனைவியின் காது. 2-ஆம் அத்தியாயத்தில் அவன் ஒரு பல்லவியை வார்த்தையில்லாமல் தத்தகாரத்தில் பாடிக் காட்டியதும், “இது வேற எங்கயோ வந்துடுச்சே” என்று அவள் சொல்கிறாள். அவனைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆயுதம் அதுதான். இரண்டாங்கட்டுக்காரி தரும் ட்யூனை முதல் தடவை கேட்டதுமே மனைவி கண்டுபிடித்துவிடுவாள். ஆகவே அந்தக் காது முதலில் போக வேண்டும். அவன் மனைவிக்குப் பாடிக் காட்டாமல் ஒரு ட்யூனை நேராக இயக்குநருக்கு அனுப்புகிறானே, 9-இல், அதை மூன்று வரியில் கடந்துவிட்டீர்கள். துரோகம் நடந்த இடம் அதுதான். அதை முழு அத்தியாயமாக்கி 5-க்குக் கொண்டுவாருங்கள். பிறகு படுக்கையறைக் காட்சி ஒன்று போதும், நாலு தேவையில்லை. மனைவியை ஊருக்கு அனுப்பி வைப்பவர் யார் என்பதையும் யோசியுங்கள். அவன் அனுப்பினால் வில்லத்தனம். அவளுடைய அம்மாவே, ‘மாப்பிள்ளைக்கு முதல் படம், தொந்தரவு பண்ணாம கொஞ்ச நாள் இங்க வந்து இரு’ என்று கூப்பிட்டால் அது பழையனூர்ச் சபை.

அடுத்தது கெடு. 1587-இல் பிராங்க்ஃபுர்ட்டில் அச்சான ஃபவுஸ்ட் கதையில் பிசாசோடு போட்ட ஒப்பந்தத்துக்கு 24 வருடம் என்று கணக்கு உண்டு. நடுவில் அவன் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறான். பெண்கள் எத்தனை வேண்டுமானாலும் தருகிறேன், கல்யாணம் மட்டும் கூடாது என்கிறது பிசாசு. உங்கள் கதைக்கு இது நேரடியாக உதவும். ஆசை, துரோகம், லட்சியம் மூன்றும் ஒரே பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்களிடம் அவை மூன்று தனிக் கதைகளாக ஓடுகின்றன. சீரியல், பேய்ப்படம் என்று நண்பர்கள் பிரித்துச் சொன்னது அதனால்தான்.

ஐந்து பாட்டு இருக்கிறது, அதையே கெடுவாக்குங்கள். ஒவ்வொரு ட்யூனுக்கும் என்ன விலை? நீங்கள் வைத்திருக்கும் கண்ணாடி உடைவது, நாய் சாவது, சுவரில் ரத்தம் எல்லாம் விலையாகாது. அவை வெறும் சத்தம். விலை என்றால் எண்ண முடிய வேண்டும். மனைவியின் சுருதியை எடுத்துக்கொள்ளலாம். சுருதியை ஆர்மோனியக் கட்டையால் எண்ணுவார்கள்: வெள்ளைக் கட்டை முழு எண், கறுப்பு அரை, எண் குறைந்தால் சுருதி இறங்குகிறது. பாடகிகள் பெரும்பாலும் நாலரைக்கும் ஆறுக்கும் நடுவில் பாடுவார்கள். இவளை ஐந்தரைக் கட்டையில் ஆரம்பியுங்கள். முதல் ட்யூன் முடிந்ததும் ஐந்து. இரண்டாவதில் நாலரை. மூன்றாவதில் நாலு. நான்காவதில் மூன்று, இங்கே மூன்றரை என்று எழுதிவிடாதீர்கள், ஆர்மோனியத்தில் மூன்றுக்கும் நாலுக்கும் இடையே கறுப்புக் கட்டை கிடையாது, இசை தெரிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். ஐந்தாவதில் இரண்டரை.

இதை ட்ராக் பாடும் இடத்தில் வைத்தால் எடுபடாது. சினிமாவில் பாட்டுக்குப் பாட்டு ஸ்கேல் மாறும், இறக்கம் யார் கண்ணிலும் படாது. காலைச் சாதகத்தில், அதாவது அவளுடைய பாட்டுப் பயிற்சியில் வையுங்கள். வளவில், வீட்டின் உள்முற்றத்தில் பாய் விரித்து, எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியின் குமிழைத் திருப்புகிறாள். ஐந்தரையில் மேல் ஷட்ஜம், மேல் ‘ஸ’, பிடிக்கப் போகிறாள், தொண்டை இடறுகிறது. திரும்பிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் ஐந்துக்கு இறக்குகிறாள். மிளகுப் பால் கேட்கிறாள். அவ்வளவுதான் காட்சி. பாடகி தன் கட்டை இறங்கியதை லேசில் வெளியே சொல்லமாட்டாள். அவளிடமும் ஒரு ரகசியம் சேர்கிறது. அவன் அதைப் பார்த்து, இவள் எதையோ மறைக்கிறாள் என்று சந்தேகப்படட்டும். துரோகம் செய்கிறவன்தான் முதலில் சந்தேகப்படுவான். குமிழ் இரண்டாம் முறை இறங்கும்போது வாசகன் தானாக எண்ணத் தொடங்கிவிடுவான், நீங்கள் ஒரு விளக்கமும் தர வேண்டியதில்லை. அவள் ஊருக்குப் போனபிறகும் எண்ணிக்கை தொடர வேண்டும்: போனில் பின்னால் ஓடும் சுருதிப் பெட்டியின் ஒலி போதும், காதுள்ளவன் கட்டையைச் சொல்லிவிடுவான்.

எதிர்ப்பக்கத்துக்கு ஒரு காட்சி. அவன் ராத்திரி இரண்டாங்கட்டுக்காரியின் குரலைப் போனில் பதிவு செய்கிறான், 2 நிமிடம் 10 நொடி. காலையில் போட்டுப் பார்த்தால் அவள் குரல் இல்லை, அவன் குரல்தான் பாடுகிறது, ஐந்தரைக் கட்டையில். சாதாரண ஆண் தொண்டைக்கு அது எளிதில் எட்டாத இடம். மனைவி இழந்தது எங்கே போனது என்று நீங்கள் சொல்லாமலே தெரிந்துவிடும்.

ஏன் உடன்படுகிறான் என்பதும் உங்கள் பிரதியில் பலவீனம். பணம், புகழ், அவார்டு என்று அடுக்கியிருக்கிறீர்கள். தார்த்தீனி என்ற இத்தாலிய வயலின் மேதை 1713-இல் கண்டதாகச் சொன்ன கனவு ஒன்றுண்டு. பிசாசு அவருடைய வயலினை வாங்கி வாசிக்கிறது. விழித்து எழுதி வைத்தார்; எழுதியது கேட்டதன் அருகில்கூட வரவில்லை என்று வருந்தினார். கலைஞனின் தூண்டில் இப்படித்தான் இருக்கும். முதல் ட்யூனை அரைகுறையாகக் கொடுங்கள். பல்லவி முழுசாக வரட்டும், சரணம் பாதியில் நிற்கட்டும். மீதிக்காக அவனே இரண்டாங்கட்டுக் கதவைத் தட்டுவான்.

திருத்துவதற்கு முன் ஒரு நோட்டில் நெடுக்குக் கோடு போட்டு நான்கு பத்தியாகப் பிரியுங்கள்: அத்தியாய எண், வாசகனுக்குத் தெரிந்தது, அவனுக்குத் தெரிந்தது, மனைவிக்குத் தெரிந்தது. அடுத்தடுத்து மூன்று அத்தியாயத்தில் வாசகனும் அவனும் ஒரே அளவு தெரிந்துவைத்திருந்தால் அங்கே தொய்வு. உங்கள் சுருக்கத்தை வைத்துப் போட்டுப் பார்த்ததில் 11 முதல் 19 வரை அப்படி இருக்கிறது. அந்த ஒன்பதையும் இரண்டாகச் சுருக்கலாம். அவள் செத்தவள் என்பதை 3-இல் வாசகனுக்கு மட்டும் காட்டிவிடுங்கள். வீட்டைப் பெருக்க வரும் ஆச்சி, முகப்பில் மாட்டியிருக்கும் பழைய போட்டோவைத் துடைத்துவிட்டு இரண்டாங்கட்டுப் பக்கம் போகாமல் திரும்பினால் போதும். எழுபத்தைந்தாயிரம் சொல்லில் நாவல் நிற்கும்.

பிறகு அந்த மந்திரவாதிக்கு வேலையில்லை. அவர் போனால் போலீஸ் விசாரணையும் தானே போய்விடும்.

முதலில் ஐந்தாவது பாட்டின் காட்சியை மட்டும் புதிதாக எழுதி அனுப்புங்கள். மனைவி திரும்பி வந்திருக்க வேண்டும், வளவில் இருவரும் எதிரெதிரே, நடுவில் சுருதிப் பெட்டி. குமிழை இந்தத் தடவை அவன் திருப்பட்டும்.