டிசம்பரில் கேட்டால் தாமதம்

கேள்வி: அக்கா, சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் ஆவணப் பிரிவில் நாலு வருஷமாக இருக்கிறேன். சம்பளம் 3,400 வெள்ளி. மார்ச்சில் கூட இருந்தவர் விலகிப் போனார், அவர் வேலையும் இப்போது என் தலையில்தான். ஒவ்வொரு டிசம்பர் அப்ரைசலிலும் "நல்லா செய்றீங்க" என்று சொல்லிவிட்டு 3 விழுக்காடுதான் போடுகிறார்கள். கூடுதலாகக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ?
- வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: அந்தப் பயத்தை முதலில் விடுங்கம்மா. இரண்டு பேர் வேலையைப் பார்த்துவிட்டு அதற்கான சம்பளத்தைக் கேட்பதில் தப்பு எங்கே வந்தது?

நான் பல வருஷம் மனிதவளப் பிரிவில் இருந்தவள், அதனால் சொல்கிறேன். டிசம்பரில் மேலாளர் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கும்போது அவர் கையில் இருக்கும் தாளில் உங்கள் தொகை அநேகமாக எழுதி முடிந்திருக்கும். பிரிவுக்கு இவ்வளவு என்று மேலிடம் ஒதுக்கியதை அவர் ஆளாளுக்குப் பிரித்துக் கையெழுத்தும் வாங்கியிருப்பார், அதற்குப் பிறகு உங்களுக்குக் கூட்டிப் போட இன்னொருவர் பங்கில்தான் கை வைக்க வேண்டும், யார் செய்வார்? செப்டம்பர், அக்டோபரிலேயே பதினைந்து நிமிஷம் நேரம் கேட்டுப் பேசிவிடுங்கள்.

போகும்போது ஒரே ஒரு தாள் போதும். "கடுமையாக உழைத்தேன்" என்று எழுதாதீர்கள், எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். மார்ச்சுக்கு முன்னால் மாதம் எத்தனை பில் ஆஃப் லேடிங் (கப்பலில் ஏற்றும் சரக்குக்கான ஆவணம்) பார்த்தீர்கள், இப்போது எத்தனை, எந்தத் தேதியில் எந்தக் கொள்கலனின் எடை தப்பாகப் பதிவானதைக் கப்பல் கிளம்பும் முன் பிடித்தீர்கள் என்று எழுதுங்கள். போனவர் இடத்துக்கு ஆள் எடுக்காததால் மாதாமாதம் ஒரு சம்பளமும், 55 வயதுக்கு உட்பட்டவர் என்றால் அதன்மேல் முதலாளி கட்டும் 17 விழுக்காடு மத்திய சேமநிதி (மசேநி) சந்தாவும் நிறுவனத்துக்கு மிச்சம். இதையும் ஒரு வரி எழுதுங்கள், கூச்சமே வேண்டாம். உங்கள் மேலாளர் மேலிடத்தில் வாதாடத் தேவையானது இந்தத் தாள்தான். மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் வேலைவாரியாகச் சம்பள அட்டவணை இருக்கிறது, உங்கள் வேலைக்கு நடுவில் இருப்பவர் எவ்வளவு வாங்குகிறார் என்று அதில் பார்த்துக்கொண்டு போங்கள்.

அப்புறம், "கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று சொல்லாதீர்கள். 3 விழுக்காடு என்பது 102 வெள்ளி, அதில் உங்கள் பங்கு மசேநி 20 விழுக்காடு போனால் கைக்கு வருவது 81 வெள்ளி 60 காசு. இரண்டு பேர் வேலைக்கு இதுவா? 10 விழுக்காடு கூட்டி "3,740 எதிர்பார்க்கிறேன்" என்று தொகையைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனம் சங்கடமாக இருக்கும், நீங்களாகவே இறங்கி வந்துவிடாதீர்கள்.

போனஸில் சேர்த்துத் தருகிறோம் என்பார்கள். போனஸ் ஒரு தடவையோடு போய்விடும், அடிப்படைச் சம்பளம் ஏறினால் அடுத்த வருஷ உயர்வும் அதன்மேல்தான் கணக்காகும். 13வது மாதச் சம்பளமும் சட்டப்படி கட்டாயம் இல்லை, உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

பட்ஜெட் இல்லை என்றால் சரி, எந்த மாதம் திரும்பப் பேசலாம், அதற்குள் நான் என்ன செய்து காட்ட வேண்டும் என்று கேளுங்கள். அவர் சொன்னதை அன்று சாயங்காலமே அவருக்கு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள்.