பி.எட். விண்ணப்பம் போடும் முன்: நீடாமங்கலம் பக்கத்துத் தந்தை ஒருவருக்குப் பதில்

வணக்கம் ஐயா. பி.எஸ்சி. கணிதம் முடித்த மகளை பி.எட். சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "டீச்சர் வேலைதான் பிடிக்கும், பிள்ளைகளுக்குச் சேவை செய்யலாம் என்கிறாள். மனசார சொல்கிறாளா, எனக்காகச் சொல்கிறாளா தெரியவில்லை" என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

சந்தேகம் நியாயமானதுதான். ஏன் ஆசிரியராக வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் 'சேவை' என்றுதான் பதில் வரும். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேட்பவருக்குப் பிடித்த பதில் அது. 'மே மாசம் லீவு கிடைக்கும், கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போகலாம், வேறு எதுவும் தோன்றவில்லை' என்று எந்தப் பெண் அப்பா முகத்தைப் பார்த்துச் சொல்வாள்?

ஆராய்ச்சியாளர்களுக்கும் இதே தலைவலி உண்டு. ஆஸ்திரேலியாவில் ஹெலன் வாட், பால் ரிச்சர்ட்சன் இருவரும் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட 'ஃபிட்-சாய்ஸ்' என்ற அளவுகோல், காரணங்களைத் தனித்தனியாகப் பிரித்து 1 முதல் 7 வரை மதிப்பெண் போடச் சொல்கிறது. கற்பிக்கும் திறமை, வேலைப் பாதுகாப்பு, குடும்பத்துக்கு நேரம், வீட்டார் தூண்டுதல், வேறு வழியில்லாமல் வந்தது என்று எல்லாமே அதில் உண்டு. இன்னும் ஆழமாகப் போக, ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்லும் முறை இருக்கிறது. சாதிக்கும் ஆசையா, உறவு நாடும் ஆசையா, பிறரைத் தன் வழிக்குக் கொண்டுவரும் ஆசையா என்று அந்தக் கதையில் தேடுவார்கள். 1998-இல் வந்த இன்னொரு சோதனை, வாயால் சொல்லாத மனச்சாய்வை அறிய, கணினியில் சொற்களை வகை பிரிக்கும் வேகத்தை மில்லி செகண்டில் பார்க்கிறது. ஒரு பெரிய கூட்டத்தைப் பற்றிப் பேச இவை உதவும். தனி ஒருவருக்கு இன்று வரும் முடிவு அடுத்த மாதம் மாறலாம். அதை நம்பி ஒரு பெண்ணின் படிப்பை நான் முடிவு செய்ய மாட்டேன். காசு வாங்கிக்கொண்டு 'மறைந்திருக்கும் ஆர்வத்தைக் கண்டுபிடித்துத் தருகிறோம்' என்பவர்களிடமும் போகாதீர்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். ஏழெட்டுக் காரணங்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, முக்கியமானது மேலே வரும்படி அடுக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' சொல்வது சுலபம், அடுக்கும்போதுதான் கை தயங்கும். அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

வேலைப் பாதுகாப்பு மேலே வந்தால் பதற வேண்டாம். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறப்பார்களா என்று வருஷா வருஷம் செய்தி பார்க்கிற வீட்டில் வளர்ந்தவள் மாதச் சம்பளம் கேட்பதில் என்ன தப்பு? அது ஒன்று மட்டுமே காரணம் என்றால்தான் எனக்குக் கவலை. பி.எட். இரண்டு வருஷம். அப்புறம் ஆசிரியர் தகுதித் தேர்வு. அதில் தேறினாலும் அரசுப் பள்ளிப் பணிக்குத் தனியாகப் போட்டித் தேர்வு எழுத வேண்டும். நடுவில் தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்கு நிற்க வேண்டி வரலாம். பாதுகாப்பைத் தேடி வருகிறவளுக்கு இந்த இடைக்காலம்தான் தாங்காது.

சீட்டுகளை விட நான் அதிகம் நம்புவது வேறு. பி.எட்.டில் பள்ளிக்கு அனுப்பும் பயிற்சியில் 16 வாரம் இரண்டாம் வருஷத்தில்தான் வருகிறது. பிடிக்கவில்லை என்று அப்போது தெரிந்து என்ன பயன்? இப்போதே தெருவில் ஆறாவது, ஏழாவது படிக்கும் நாலு பிள்ளைகளுக்கு மாலையில் பின்னக் கணக்கு சொல்லித் தரட்டும். 2021-இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலர்கள் இப்படித்தான் தெருவிலேயே பாடம் எடுத்தார்கள். ஒரு பிள்ளை அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று திரும்பத் திரும்ப எழுதும். அப்போது அவள் குரலை உயர்த்துகிறாளா, ஒரு தோசையைப் பிய்த்துக் காட்டலாமா என்று யோசிக்கிறாளா? இரவுச் சாப்பாட்டின்போது தன் அலுப்பைப் பற்றிப் பேசுகிறாளா, அந்தப் பிள்ளையைப் பற்றியா? சொல்லிக்கொடுக்க யாரும் கூப்பிடாத நாளிலும் தானாகப் போய் உட்காருகிறாளா? இதற்கு ஒரு மாதமாவது கொடுங்கள். முதல் வாரம் எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும்.

இன்னொன்று. அதே சீட்டுகளை நீங்களும் ஒருமுறை அடுக்கிப் பாருங்கள், அவள் ஏன் டீச்சராக வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்பதற்காக. 'ஊரோடு இருப்பாள்', 'வரன் பார்க்கச் சுலபம்' என்பவை மேலே வந்தால் மறைக்காமல் அப்படியே வையுங்கள். திருவாரூர் வரும்போது இரண்டு வரிசையையும் எழுதி எடுத்துக்கொண்டு, மகளையும் அழைத்து வாருங்கள். நான் முதலில் அவளிடம் தனியாகப் பேச வேண்டும்.