டெலமானின் சோகம் எவ்வளவு மெதுவானது? – கடிதம்

அன்புள்ள சார்,

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பரோக் இசையில் ரெக்கார்டர் என்ற குழலுக்கு இருந்த இடம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அக்கால ஜெர்மன் இசையமைப்பாளர் டெலமானின் எஃப் மைனர் (எஃப் ஸ்வரத்தில் தொடங்கும் மைனர் ஸ்கேல்) சொனாட்டாவைத் தேடிக் கேட்டேன். முதல் பகுதியின் தலையில் 'ட்ரிஸ்டே', அதாவது சோகமாக, என்று மட்டும் இருக்கிறது. வேகம் பற்றிப் பேச்சே இல்லை. ஒரு பதிவில் அது இழுத்து இழுத்துப் போகிறது. இன்னொன்றில் நடக்கிற வேகத்தில் முடிந்துவிடுகிறது, சோகமும் சரியாக வரவில்லை. அதைவிடக் குழப்பம், அந்த இரண்டாவது பதிவைக் கீபோர்டில் வாசித்துப் பார்த்தால் அரை ஸ்வரம் கீழே, ஈ மைனர் வருகிறது! எஃப் மைனருக்கென்றே ஒரு சோகம் உண்டு என்று எங்கோ படித்தேன். அரை ஸ்வரம் இறக்கினால் அது போய்விடாதா? நமக்கு எந்தக் கட்டையில் பாடினாலும் ராகம் ராகம்தானே?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கீபோர்டில் கோளாறு இல்லை. பழைய வாத்தியங்களின் நகல்களில் வாசிப்பவர்கள் இன்று பெரும்பாலும் சுருதி சேர்க்க அடிப்படையான ஏ ஸ்வரத்தை 415 ஹெர்ட்ஸில் வைத்துக்கொள்கிறார்கள். இன்றைய 440க்கு அது அரை ஸ்வரம் கீழே. இது இருபதாம் நூற்றாண்டில் வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. டெலமான் காலத்தில் ஊருக்கு ஊர் சுருதி மாறும். ஒரே ஊரிலேயே தேவாலய ஆர்கனுக்கு ஒன்று, அறை இசைக்கு இன்னொன்று என்றும் இருக்கும். எனவே எஃப் மைனருக்கு ஒரு குணம் உண்டென்றால் அது ஹெர்ட்ஸ் கணக்கில் இருந்திருக்க முடியாது.

நீங்கள் படித்தது அநேகமாக மாத்தெசோன் சொன்னதாக இருக்கும். ஹாம்பர்க்கைச் சேர்ந்த இசை எழுத்தாளர். 1713இல் வந்த தன் புத்தகத்தில் ஒவ்வொரு ஸ்கேலுக்கும் ஒரு ஜாதகம் கணித்திருக்கிறார். எஃப் மைனர் மென்மையானது, அமைதியானது, ஆனாலும் ஆழமும் கனமும் கொண்டது, கதியற்ற கறுத்த மனச்சோர்வைக் காட்ட ஏற்றது என்பது அவர் கணிப்பு. ஆளுக்கு ஆள் இது வேறு மாதிரித் தோன்றும் என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். அந்தப் பட்டியலைப் படிக்க எனக்குப் பிடிக்கும், அதை நம்பி இசை கேட்பதில்லை. ஆனால் இந்த ஒரு இடத்தில் அவர் சொன்னதற்கு ரெக்கார்டரிலேயே ஆதாரம் இருக்கிறது.

இந்த சொனாட்டாவை வாசிக்கும் ஆல்ட்டோ ரெக்கார்டரின் எல்லாத் துளைகளையும் மூடினால் வருவது எஃப். அதிலிருந்து எஃப் மேஜர் ஏறும்போது பி ஃபிளாட் (அரை ஸ்வரம் இறக்கிய பி) ஒன்றுக்குத்தான் விரல்கள் கொஞ்சம் முறுக்கிக்கொள்ள வேண்டும். மற்றவை ஒவ்வொரு விரலாகத் தூக்கத் தூக்க வரும். எஃப் மைனரில் நான்கு ஃபிளாட். கீழ் ஏ ஃபிளாட்டுக்கு ஒரு துளையைப் பாதி மட்டும் மூட வேண்டும். பி ஃபிளாட், டி ஃபிளாட், ஈ ஃபிளாட் மூன்றுக்கும் நடுவில் ஒரு துளையைத் திறந்துவிட்டு அதற்குக் கீழே உள்ளவற்றை மூட வேண்டும். அப்படிப் பிடித்த ஸ்வரம் திறந்த குரலில் வராது, லேசாக மூடிக்கொண்டு வரும். ஆக, ஸ்கேலில் பாதிக்கு மேல் மங்கிய ஸ்வரங்கள். கூட வாசிக்கும் ஹார்ப்சிகார்டையும் (அக்காலக் கீபோர்டு வாத்தியம்) அக்கால முறையில் சுருதி சேர்த்திருந்தால், ஃபிளாட் அதிகமான ஸ்கேல்களில் அதன் இடைவெளிகளும் கொஞ்சம் நெருடும். 415இல் வாசித்தவரின் குழல் முழுவதுமே அரை ஸ்வரம் தாழ்ந்தது. உங்கள் கீபோர்டுக்கு அது ஈ மைனர், அவர் விரல்களுக்கு எஃப் மைனர்தான். மங்கல் அப்படியே இருக்கும்.

ராகக் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நம் புல்லாங்குழல் வித்வான் சுருதி மாற்ற வேண்டுமென்றால் குழலை மாற்றுகிறார், விரல் மாறுவதில்லை. டெலமானை வாசிக்கும் ரெக்கார்டர்காரர் அதே குழலை வைத்துக்கொண்டு விரல்களை மாற்றுகிறார். அதனால்தான் இங்கே கட்டைக்கு ஒரு நிறம் வந்துவிடுகிறது.

அப்புறம் வேகம். இதில் நான் உங்கள் கட்சி இல்லை. நடக்கிற வேகப் பதிவுதான் எனக்குச் சரி. மெதுவாக வாசிப்பவர்களிடமும் சாட்சி உண்டு. பிரஷ்ய மன்னர் பிரெடரிக்கின் புல்லாங்குழல் ஆசிரியர் குவான்ட்ஸ் 1752இல் வேகத்தை நாடித் துடிப்பால் அளந்து காட்டினார். நிமிடத்துக்குச் சுமார் 80 துடிப்பு. சோகம் என்ற பொருள்படும் 'மெஸ்டோ'வை அவர் மிக மெதுவான வகுப்பில் உட்கார வைத்திருக்கிறார். அவர் கணக்குப்படி நான்கு குவார்ட்டர் நோட் கொண்ட ஒரு பார், அதாவது ஒரு தாளச் சுற்று, முடிய 12 விநாடி ஆகும். பாடிப் பாருங்கள், மூச்சு முட்டும். நாடியைப் பிடித்துக்கொண்டு முழுப் பாட்டையும் அளக்க அவரும் சொல்லவில்லை. தவிர, அவர் எழுதியது பெர்லினில், இந்த சொனாட்டா வந்து இருபது வருடத்துக்கும் மேல் கழித்து.

ரெக்கார்டருக்கு இன்னொரு சிக்கல். வயலின்காரர் நீண்ட ஸ்வரத்தை வில்லால் பெருக்கிச் சுருக்கலாம். ரெக்கார்டரில் அழுத்தி ஊதினால் சுருதி ஏறிவிடும், மெல்ல ஊதினால் இறங்கிவிடும். வேகத்தை ரொம்பக் குறைத்தால் ஸ்வரங்கள் அம்மணமாக நிற்கும், அலங்காரம் போட்டு மூடத்தான் வேண்டும். எப்படிப் போடுவது என்று டெலமானே காட்டியிருக்கிறார். 1728இல் வெளியிட்ட 'மெத்தோடிஷே சொனாட்டன்' தொகுப்பில் மெதுவான பகுதிகளுக்கு வெறும் மெட்டையும், அதற்குக் கீழே அலங்கரித்த வடிவத்தையும் அச்சிட்டிருக்கிறார். நீங்கள் கேட்ட முதல் பதிவில் இழுவை இருக்கிறது, அலங்காரம் இருக்கிறதா? இல்லையென்றால் அது சோகம் இல்லை, வெறும் தாமதம்.

உண்மையில் இந்த சொனாட்டா முதலில் பாசூன் என்ற தாழ்ந்த குரல் மரக்குழலுக்கு எழுதப்பட்டது. ரெக்கார்டரிலும் வாசிக்கலாம் என்று டெலமான் அனுமதித்தார், அவ்வளவுதான். முடிந்தால் பாசூன் பதிவு ஒன்றையும் கேளுங்கள்.

முதல் பகுதியோடு நிறுத்திவிடாதீர்கள். கடைசியில் வரும் 'விவாச்சே' என்ற துடிப்பான பகுதியும் இதே எஃப் மைனர்தான், துள்ளிக்கொண்டு போகிறது. இன்று நான்கு பகுதிகளையும் ஒரே மூச்சில் கேட்டுவிடலாம். இது வெளிவந்தது 1728–29இல் டெலமான் இரண்டு வாரத்துக்கொரு முறை நடத்திய இசைப் பத்திரிகையில், அதுவும் தொடர்கதை மாதிரி. இதழுக்கு நாலே பக்கம். ட்ரிஸ்டேயை வாங்கி வாசித்துப் பார்த்த சந்தாதாரர் அடுத்த வேகமான பகுதியான அலெக்ரோவுக்கு அடுத்த இதழ் வரும்வரை காத்திருந்திருப்பார்.

அன்புடன்